கொடை நிலம்

14 ஜூலை 2025, திங்கள்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். தவறு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது. சைட்டில் நடுவதற்கான தகரப் பலகையில் ‘தான நிலம்’ என்று எழுதச் சொல்லியிருந்தார் பட்டாபி சார். நான் அதைக் ‘கொடை நிலம்’ என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் மாற்றினேன். பலகை எழுதுகிறவர் எழுதி முடித்து வாட்ஸாப்பில் படம் அனுப்பினார். வெள்ளையில் பச்சை எழுத்து நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

காரணம் சாயங்கால வகுப்பு. வேலை முடிந்ததும் வண்ணார்பேட்டையில் அரசுத் தேர்வு வகுப்புக்குப் போகிறேன். பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் எழுதும் பகுதியில் எனக்கு எப்போதும் மதிப்பெண் குறைகிறது. படித்த சொல்லை எழுதும் இடத்திலெல்லாம் போட்டுப் பழகுங்கள் என்று ராஜாம்பாள் டீச்சர் எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். நான்தான் அதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். இந்த நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதும் அப்படித்தான். தானம் என்றால் கொடை. பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பலகை எதற்கு என்பதையும் எழுதி வைக்கிறேன், பிறகு படித்தால் எனக்கே புரிய வேண்டும். பாளையங்கோட்டையில் மாடியில் இருக்கும் பட்டாபி சாரின் அலுவலகத்தில் நான் வரைபடம் வரைகிறேன். சீவலப்பேரி ரோட்டில் சாரின் குடும்ப நிலம் இருக்கிறது. அதை மனைகளாகப் பிரித்து வீடு கட்டி விற்பது திட்டம். இவ்வளவு பெரிய நிலத்தைப் பிரிக்கிறவர் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா போன்ற பொது இடமாக ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளே போடும் சாலைகளையும் கொடுக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சிறிய வீடுகள் கட்ட இடம் ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பதிலாக அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஊராட்சி கூடி, கொடுப்பதை ஏற்கிறோம் என்று தீர்மானம் போட்டால்தான் அனுமதி நகரும். எதை எங்கே கொடுப்பது என்ற பேச்சிலேயே இரண்டு வருடம் போய்விட்டது. நிலத்தில் இதுவரை ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, எல்லைக் கல் மட்டும் நிற்கிறது.

சார் கொடுக்க நினைப்பது வடகிழக்கு மூலையில் இருக்கும் பள்ளத்தை. வாய்க்காலை ஒட்டிய இடம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் ஊறிக்கொண்டே கிடக்கும், அங்கே வீடு கட்ட விதியும் இடம் தராது. ஊர்க்காரர்கள் கேட்பது ரோட்டை ஒட்டிய முன்திடலை. அதில் ஒரு பூவரச மரமும் அதன் அடியில் சங்கிலிபூதத்தார் பீடமும் இருக்கின்றன. சாரின் தாத்தா காலத்திலிருந்து ஊர் அங்கே கும்பிட்டு வருகிறது. ஆனால் பெரிய மனைகளில் நல்ல விலை போகும் மூன்று மனைகள் அந்தத் திடலில்தான் வருகின்றன. ஊராட்சித் தலைவரின் பெயரும் சங்கிலிபூதத்தான்தான். பள்ளத்தைக் காட்டியபோது அவர், “தவளைக்குப் பூங்கா கட்டித் தாரியளா சார்?” என்று கேட்டார். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் ஒரு தண்ணீர்த் தொட்டி வரும், ஒரு சாலை அகலும், ஒரு மனை நகரும். நான் திருத்தம் வரைவேன். இப்போது நடப்பது திருத்தம் ஐந்து. பள்ளத்தில் ஒரு பலகையை நட்டு, கொடுக்கும் எண்ணம் உறுதி என்று காட்டினால் ஊர் இறங்கி வரும் என்று சார் நினைக்கிறார்.

தெற்கு வரிசையைப் பற்றி எழுதவில்லை. அங்கே பன்னிரண்டு சிறிய வீடுகள், மேற்கிலிருந்து கிழக்காக, சுவரோடு சுவர் ஒட்டி. பன்னிரண்டாவது எங்களுடையது. எங்களுடையது என்று எழுதலாமா, தெரியவில்லை. அப்பா முன்பணம் கட்டியிருக்கிறார். வீடு வரைபடத்தில் மட்டும் இருக்கிறது, அதை வரைந்ததும் நான்தான்.

16 ஜூலை, புதன்

பலகை முன்திடலில் நிற்கிறது.

எல்லைக் கற்களைச் சரிபார்க்க சார் அனுப்பினார். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பூவரச மரத்தடியில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. ஏதோ சண்டை என்று நினைத்தேன். கிட்டே போனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பலகைக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். பீடத்துக்குக் கட்டியது போலவே பலகையின் காலிலும் ஒரு செவ்வந்தி மாலை.

மேஸ்திரி முகம்மது சுல்தான் ஓரமாக நின்றார். பலகையைப் பள்ளத்தில் வைக்கச் சொல்லித்தானே அனுப்பினோம் என்று மெதுவாகக் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

“கொடை நிலம்னு எழுதியிருக்கு. கொடை எங்கன நடக்கு? இங்கனதானே. பள்ளத்துல வச்சா சாமி என்ன நீச்சலா அடிக்கும்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் காது இரண்டும் சூடாகிவிட்டன. இந்த ஊரில் கொடை என்றால் வருடத்துக்கு ஒருமுறை சாமிக்கு எடுக்கும் விழா. மேளமும் வில்லுப்பாட்டும் வாணமுமாக விடிய விடிய நடக்கும். எனக்கு இது தெரியாதா என்றால் தெரியும். ஆடி மாதம் மைக் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் நாங்கள் கடற்கரையிலிருந்து வந்தவர்கள். எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில், அதன் திருவிழா, சப்பரம், அவ்வளவுதான். தேர்வுப் புத்தகத்துக் கொடையும் மைக் செட்டுக் கொடையும் என் மண்டைக்குள் ஒரே தெருவில் முகம் பார்க்காமல் குடியிருந்திருக்கின்றன. இங்கே பிறந்த யாராக இருந்தாலும் அந்தச் சொல்லை எழுதும்போது ஒரு நொடி நின்றிருப்பார்கள்.

தலைவர் அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டார். நெற்றியில் திருநீறு, கையில் சோடா. இன்னொரு பாட்டிலை வாங்கி என் கையில் கொடுத்தார்.

“நீதான் எழுதினியாமே பிள்ள? சார் மனசு இப்படி எளகும்னு நான் நெனைக்கவே இல்ல பாத்துக்கோ. ரெண்டு வருசமா மனுசன் பிடியே குடுக்கல.”

பக்கத்தில் நின்ற ஒருவர் பலகையை இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தார். “ஏலே, பூங்கான்னுகூடப் போடலலே. நேரா கொடைன்னே போட்டுட்டாரு. பெரிய மனுசன்னா அப்படித்தாம்லே இருக்கணும்.”

இல்லை, இது வேறு என்று சொல்ல வாய் திறந்தேன். சோடா கையில் இருந்தது. யார் கண்ணைப் பார்த்து அதைச் சொல்வது என்று தெரியவில்லை. கற்களைச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது. தெற்கு வரிசையின் கிழக்கு முனைக்குப் போய் எங்கள் வீட்டுக்குள் நின்று பார்த்தேன். வழக்கமாகச் செய்வதுதான். கல்லிலிருந்து கணக்குப் பார்த்தால் கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாம் எங்கே என்று எனக்குத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் வயல், நாற்று நட்டிருக்கிறார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“யாரைக் கேட்டும்மா கொடைன்னு போட்டே?”

“கிளாஸ்ல தானம்னா கொடைன்னு சொன்னாங்க சார்.”

“சரியாத்தான் சொல்லியிருக்கா.” கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமே அந்தப் போர்டை எடுத்தா சாமியை எடுத்த மாதிரி ஆயிடும். ரெண்டு வருஷம் வக்கீலை வச்சுண்டு பேசினேன். ஒரு தகரம் பேசி முடிச்சுடுத்து.” சிரித்தார். சிரிக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

20 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். அப்படிச் சாத்தினால் கருவாடு என்று அர்த்தம். ஆனால் இன்று வறுக்கவில்லை. பெரியம்மா தூத்துக்குடியிலிருந்து கொடுத்து அனுப்பிய சாளைக் கருவாட்டை வெயிலில் காட்ட வழியில்லாமல் முறத்தில் பரப்பிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மாடியில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். நல்ல மனுஷி. குடிவந்த நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார், “மீன் வேணும்னா பண்ணிக்கோங்கோ, கருவாடு மட்டும் வேண்டாம், எனக்குத் தலை சுத்தறது” என்று. அம்மா அதை மீறியதே இல்லை. ஆசை பொறுக்காதபோது பெரியம்மா வீட்டுக்கு பஸ் ஏறுவாள். திரும்பி வரும்போது அவள் சேலையிலும் தலைமுடியிலும் அந்த வாசனை இருக்கும். அன்று முழுக்கக் காரணமில்லாமல் பாடிக்கொண்டிருப்பாள். நாங்கள் பன்னிரண்டாம் நம்பரைக் கேட்டு வாங்கியதே இதற்காகத்தான். வரிசையின் இரண்டு முனையில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் மூன்று பக்கம் திறப்பு. அப்பா சிலுவை தூத்துக்குடித் தோணிகளில் வேலை பார்த்தவர், இப்போது இங்கே ஒரு சரக்குக் கிட்டங்கியில் இருக்கிறார். வீடு பார்க்கப் போன அன்று அவர் மண்ணைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்க்கவில்லை. வேட்டி நுனி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். கச்சான் காற்று மேற்கிலிருந்து வந்து கிழக்கே போகிறது, கிழக்குக் கடைசி வீட்டில் வறுத்தால் வாசம் வயலுக்குத்தான் போகும், எந்த மனுசனுக்கும் தலை சுற்றாது என்றார்.

வரைபடத்தில் நான் சமையலறை என்று எழுதியிருக்கிறேன். அம்மா அதைப் படித்துவிட்டு, “குசினி எங்கட்டி?” என்று கேட்டாள். இதுதான் குசினி என்று காட்டினேன். கிழக்குச் சுவரில் ஜன்னல் குறியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், இந்த வீட்டு அடுப்பில் நிற்கும்போது, இல்லாத ஜன்னல் இருக்கும் பக்கம் அவள் முகம் திரும்புவதை நான் கவனித்திருக்கிறேன். இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

பலகைக் கதையை அப்பாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்பம் காரியம் முடிஞ்சிட்டுன்னு சொல்லு. ஊரு சரின்னு சொல்லிட்டா பட்டாபி சார் நமக்குச் சின்ன வீடு கட்டித் தந்திருவாரு.”

“சின்ன வீடுங்காதியோ,” என்றாள் அம்மா. “கோயில்ல ரெண்டு பேரு கேட்டுட்டாவ. சிலுவை அண்ணன் சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திட்டாராமேன்னு.”

“குடுத்தவன் நான். போயி இருக்கப்போறவ நீ. இதுல ஒனக்கென்ன கொறச்சல்?”

அம்மாவும் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் முன்திடல் போனால் அந்த மூன்று பெரிய மனைகள் எங்கே போகும் என்ற கேள்வி புதன்கிழமையிலிருந்தே எனக்குள் இருக்கிறது. அவற்றுக்கு ஓர் இடம் வேண்டும். பள்ளத்தில் கட்ட முடியாது. வடக்கே பெரிய மனைகளின் வரிசை நிரம்பிவிட்டது. வேறு எங்கே இடம் இருக்கிறது என்று வரைகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கேட்டால்தான் அது உண்மையாகும் என்பது போல நான் சாரிடம் கேட்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

23 ஜூலை, புதன்

தலைவர் அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். கூட இரண்டு பேர், தட்டில் வெற்றிலை பாக்கு, கொடை அழைப்பிதழ். மஞ்சள் தாளில் சாமி படத்துக்குக் கீழே ‘நிலம் வழங்கியவர்’ என்று சாரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பேத்தி ஸ்னேகா பெயரைக்கூட விடாமல் சேர்த்திருந்தார்கள். சார் அதை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ ஊர் இப்படி அச்சடித்த ஒரு தாள் அவர் வீட்டில் இருக்குமா என்று எனக்குத் தோன்றியது.

“ஆடிக் கடைசி வெள்ளி, ஆகஸ்டு பதினஞ்சு,” என்றார் அண்ணாச்சி. “அன்னைக்குத்தான் கிராம சபையும். காலைல தீர்மானம், ராத்திரி கொடை. தோதா அமைஞ்சிருக்கு பாத்தியளா?”

சார் ஒத்துக்கொண்டார். முன்திடல் ஊருக்கு. இரண்டு வருடப் பேச்சு அவ்வளவு சுருக்கமாக முடிந்தது. பிறகு அண்ணாச்சி கேட்ட மற்றவற்றைச் சொன்னார். தண்ணீர்த் தொட்டி சார் கட்டித் தர வேண்டும், முகப்புச் சாலை அகலமாக வேண்டும். இவை பழைய பேச்சில் இருந்தவைதான். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“லிண்டா, திருத்தம் ஆறு. முன்னாடி இருக்கற மூணு மனையும் தெற்கே போட்டும். அங்க இருக்கறதை எடுத்துடு. அதுக்குக் கவர்மென்டுக்குப் பணமாக் கட்டிடலாம். முன்னால இருக்கற இடமும் போய், தொட்டியும் கட்டினா, தெற்கு முழுக்கப் பெரிய மனையா வித்தாத்தான் எனக்குச் சரிக்கட்டும்.”

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதும் அப்படி நினைக்கவில்லை. வங்கியிலிருந்து அவருக்கு வரும் போன்கள் எனக்குத் தெரியும், நான்தான் எடுக்கிறேன். ஆனால் பன்னிரண்டு வீட்டையும் ‘அங்க இருக்கறது’ என்று சொன்னபோது, கையிலிருந்த அச்சுத் தாளில் அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டேன்.

“சார், அப்போ தெற்கு வரிசை முழுக்கவுமா?” என்றேன்.

“அதென்ன தெக்கு வரிசை?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“சின்ன வீடு அண்ணாச்சி,” என்றார் சார்.

“சின்ன வீடா?” அண்ணாச்சி கூட வந்தவர்களைப் பார்த்தார். “எத்தன சார்?”

“பன்னெண்டு.”

“பன்னெண்டா? தாங்குமா சார் ஒடம்பு?”

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அண்ணாச்சிதான் முதலில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்திருப்பார்.

“ஏம்மா, அதுல ஒனக்கு ஒண்ணு உண்டோ?”

“பன்னிரண்டாம் நம்பர்.”

அண்ணாச்சி தட்டிலிருந்த வெற்றிலை ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளிவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தார். போர்டு எழுதின பிள்ளைக்கு இருந்த வீட்டை எடுத்துட்டு நாங்க அங்க கொடை எடுக்கவா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே வழி தெரியாமல் கேட்பது போல இருந்தது. சார் பொறுமையாக விளக்கினார். நிலம் ரப்பர் இல்லை அண்ணாச்சி, ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் வரும் என்றார்.

“தொட்டி வேண்டாம்,” என்றார் அண்ணாச்சி.

கூட வந்தவர்களில் ஒருவர் பதறிவிட்டார். “அண்ணாச்சி, ஊர்ப் பொம்பளையள் கேட்டா என்ன சொல்லுவிய? தொட்டி வருது தொட்டி வருதுன்னு நாமதானே சொன்னோம்?”

“நான் ஏச்சு வாங்கிக்கிடுதேன். நீ சும்மா கெட.” பிறகு சாரிடம், “தொட்டிய விட்டுத் தாரோம். ரோட்டயும் பழய அகலத்துக்கே வச்சுக்கிடுங்க. அந்தப் பிள்ள வீட்ட விட்டிருங்க,” என்றார்.

சார் என்னிடமிருந்து தாளை வாங்கி அதன் மேலேயே பென்சிலால் கணக்குப் போட்டார். தொட்டிச் செலவு இல்லையென்றால் வரிசை முழுவதையும் விற்க வேண்டாம், ஆனால் முன்திடலில் போகும் மூன்று மனை மட்டும் இங்கே வந்தாக வேண்டும் என்று வந்தது. மூன்று பெரிய மனைக்கு ஐந்து சிறிய வீட்டின் இடம் வேண்டும். ஏழு வீடு நிற்கும், ஐந்து போகும். நான் என் கணினியில் ஒரு தடவை சரிபார்த்தேன். மறுபடியும் ஏழுதான் வந்தது. நடுவில் எடுத்தால் என்ன என்று கேட்டேன். ஒட்டு வீடுகளுக்கு நடுவில் பெரிய மனையைச் சொருகினால் யாரும் வாங்கமாட்டார்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தால் ஒரு மனையும் தேறாது என்றார். ஒரு முனையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த ஐந்து பேருக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

“கிழக்கா, மேற்கா, சார்?”

அவர் அழைப்பிதழை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீயே பார்த்து எடுத்துடு. அண்ணாச்சி நாளன்னிக்கு மத்தியானம் வந்து வாங்கிண்டு போகட்டும்.”

அண்ணாச்சி எழுந்தார். என் பக்கம் வந்து, “அப்பம் சரிதானம்மா? ஒன் வீடு பொழச்சிட்டுல்லா?” என்றார். நான் தலையாட்டினேன். அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கொடைக்கு வரச் சொல்லிவிட்டு, அழைப்பிதழ் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

24 ஜூலை, வியாழன்

ஒன்றாம் நம்பர் சபீதா வீட்டுடையது. அதை இதுவரை இந்த நாட்குறிப்பில் எழுதவில்லை. வேண்டுமென்று விட்டேனா, தேவைப்படவில்லையா என்று சொல்லத் தெரியவில்லை. சபீதா வகுப்பில் என் பக்கத்து இருக்கை. மேலப்பாளையத்திலிருந்து வருகிறாள். இப்படிச் சிறிய வீடுகள் வருகின்றன என்று அவளிடம் சொன்னதே நான்தான். அவள் உம்மா அலிமா பீவி வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். அவருக்கு முழங்கால் வலி, பஸ் நிறுத்தத்துக்கு மிகக் கிட்டே வேண்டும். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு போர்டு மாட்டவும் இடம் வேண்டும். தெற்கு வரிசையில் ரோட்டைப் பார்க்கும் வீடு ஒன்றாம் நம்பர் மட்டும்தான். முன்பணம் கட்டிய அன்று சபீதா எனக்கும் சேர்த்து ரோஸ்மில்க் வாங்கினாள். நீ அந்தக் கடைசி, நான் இந்தக் கடைசி, நடுவில் எவளாவது சண்டை போட்டால் இரண்டு பக்கமும் வந்து மடக்கிவிடலாம் என்றாள்.

மேற்கிலிருந்து ஐந்து எடுத்தால் ஒன்று முதல் ஐந்து வரை போகும். கிழக்கிலிருந்து எடுத்தால் எட்டு முதல் பன்னிரண்டு வரை. காலையிலிருந்து இரண்டையும் வரைந்து பார்த்தேன். இரண்டும் சரியாக வருகின்றன. வடிகால் இரண்டிலும் சரியாக ஓடுகிறது, சாலை இரண்டிலும் திரும்புகிறது. எதிலாவது ஒரு குறை இருக்கும், அந்தக் குறை எனக்குப் பதிலாக முடிவு செய்துவிடும் என்று மதியம்வரை தேடினேன். கிடைக்கவில்லை. நான் நன்றாக வரைகிறேன் என்று சார் எப்போதாவதுதான் சொல்வார். இன்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

சாருக்கு ஒன்றாம் நம்பர் யாருடையது என்று தெரியும். பன்னிரண்டு யாருடையது என்றும் தெரியும். ‘நீயே பார்த்து எடுத்துடு’ என்றதை அவர் எனக்குச் செய்த உதவி என்று எடுத்துக்கொள்ளலாம். அண்ணாச்சி எனக்காகத்தான் தொட்டியை விட்டார். இந்நேரம் அந்த ஊரில் குடத்தோடு நிற்கும் பெண்கள் அவரை ஏசிக்கொண்டிருப்பார்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். என் வீட்டை நானே எடுத்துவிட்டால் அவரிடம் போய் என்ன சொல்வேன்? இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். இன்னொரு பக்கம் எழுத, ரோஸ்மில்க் என்ற ஒரு சொல்தான் இருந்தது. அது எடையில் குறைந்ததாகவும் தெரியவில்லை.

சாயங்காலம் வகுப்பில் சபீதா உற்சாகமாக இருந்தாள். பலகைக் கதையை அவளுக்குப் போன வாரமே சொல்லியிருந்தேன். அவள் அதை மேலப்பாளையம் முழுக்கச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. எனக்காக உம்மா கொடுத்தனுப்பிய ஓட்டுமாவுப் பலகாரப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

“வீடு எப்பம்ளா?”

“கிராம சபையில தீர்மானம் வருது.”

“அப்பம் நெசமாவே வருது.” நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். “உம்மாக்குப் போர்டு எழுதணும். டெய்லர் ஷாப்னு போட வேண்டாம்னுட்டா, நல்ல தமிழா வேணுமாம். தையலகம் சரியாளா?”

“சரிதான்.”

“நீயே எழுதிக் குடுத்திரு. நீ போர்டு எழுதினா நடக்குதாமே.”

நோட்டை என் பக்கம் தள்ளினாள். ராஜாம்பாள் டீச்சர் உள்ளே வந்துவிட்டார். நான் ‘அலிமா தையலகம்’ என்று எழுதினேன். பலகையில் எழுதுவது போலப் பெரிதாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்து எழுதினேன். சபீதா அதைத் தூரத்தில் பிடித்து, ரோட்டில் போகும் பஸ்ஸிலிருந்து பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. கதவின் அடியில் ஈரத்துணி செருகியிருந்தது. வீட்டுக்காரம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம், நாளைக்குத்தான் வருவார். உள்ளே புகை கண்ணைக் கரித்தது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பின் முன்னால் சிரித்தபடி நின்றாள். வெளியே கச்சான் ஜன்னல் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

நாளைய வேலை: திருத்தம் ஆறு. தெற்கு வரிசையில் ஐந்து வீடுகளை எடுத்துவிட்டு மூன்று பெரிய மனைகளைச் சேர்க்க வேண்டும். மீதி ஏழுக்கும் ஒன்றிலிருந்து எண் போட வேண்டும். மதியத்துக்குள் அச்செடுத்து வைக்க வேண்டும், அண்ணாச்சி வந்து வாங்கிக்கொள்வார்.